பழைய ராலி கார்: மினியா, எஸ்கார்ட்டா, குவாட்ரோவா?

போன வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணே, டர்ட் ராலி 2.0 கார் கேம் ஆஃபர்ல வந்துச்சுன்னு வாங்கிட்டேன். யூடியூப்ல பாத்து ஆசப்பட்டு ஆடி குவாட்ரோ எடுத்தேன். மூணாவது வளைவுல மரம். டிஃபிகல்ட்டிய பாதியாக் கொறச்சேன். அப்பவும் அதே மரம்." உசிலம்பட்டிக்காரர் ஒருவருக்கு நேரெதிர்க் குறை. மினி கூப்பரில் பத்து நாளாக ஓட்டுகிறாராம், எங்கேயும் மோதவில்லை, ஆனால் தூக்கம் வருகிறதாம். மூன்றாமவர் கே.கே.நகர்க்காரர்: "எந்தப் பழைய கார் ஈஸின்னு ஒரே வரில சொல்லுங்க." ஒரே வரியில் சொல்ல முடிந்தால் நான் ஏன் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறேன்?

ராலி என்றதும் தமுக்கத்தில் போய் முடிகிற ஊர்வலம் என்று நினைப்பவர்கள் நம்மூரில் உண்டு. என் அம்மா இன்றும் அப்படித்தான் நினைக்கிறார். இது கார் ராலி. பக்கத்தில் போட்டி வண்டி இருக்காது. மூடிய சாலைத் துண்டு ஒன்றில் (அதுதான் ஸ்டேஜ்) ஒவ்வொரு காராக விடுவார்கள், கடிகாரத்தோடுதான் சண்டை. அருகில் உட்கார்ந்திருக்கும் கோ-டிரைவர் அடுத்து வரும் வளைவுகளைக் குறிப்பு பார்த்து வாசித்துக்கொண்டே வருவார். எண் சிறியதாக இருந்தால் வளைவு கூர்மை, 6 என்றால் லேசான வளைவு.

திருமங்கலத்துத் தம்பியின் கடிதத்திலேயே விடை இருக்கிறது. டிஃபிகல்ட்டி ஸ்லைடர் எதிராளிகளின் நேரத்தை மாற்றும். மரத்தை நகர்த்தாது. சாலை, பிடிமானம், காரின் குணம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் காரில் உட்காருவது என்பதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் நேரம். 100 மீட்டர் தள்ளி ஒரு வளைவு என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் அங்கே போய்ச் சேர நாலரை விநாடி ஆகும். 160-இல் இரண்டேகால் விநாடிதான். அதற்குள் ஆங்கிலத்தில் வரும் குறிப்பைக் காது வாங்கி, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டே வளர்ந்தவர்களுக்கே இது திணறல். நமக்கு முதல் சில நாள் டவுன் பஸ்ஸில் ஸ்டாப் பெயர் காதில் விழாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிற கதைதான்.

இரண்டாவது, தப்பு செய்தால் கார் மன்னிக்குமா என்பது. சில கார்களில் தப்பு ஐந்து விநாடியோடு போகும். சிலவற்றில் ஸ்டேஜே போய்விடும்.

மூன்றாவது, கை காலுக்கு எவ்வளவு வேலை. கியர், ஹேண்ட்பிரேக், டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி) எப்போது விழிக்கும் என்ற கணக்கு எல்லாம் இதில் சேரும்.

நான்காவது, உங்கள் மேஜையில் என்ன இருக்கிறது. கீபோர்டா, கன்ட்ரோலரா, ஸ்டியரிங் வீலா? இதைச் சொல்லாமல் கார் பரிந்துரைப்பவரை நம்பாதீர்கள்.

கடைசியாக, இங்கே கற்றது அடுத்த காருக்குப் போகுமா என்பது. குதிரைத்திறனையும் அழகையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அழகை வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஸ்ட்ராடோஸில் போய் விழுவோம். நானும் விழுந்தவன்தான், அது பின்னால் வருகிறது.

## 1960-களின் முன்சக்கர வண்டிகள்: மினி கூப்பர் எஸ், லான்சியா ஃபுல்வியா

மினி பார்க்கத்தான் பொம்மை. 10 அங்குலச் சக்கரம், 1275 சிசி இன்ஜின் (1964-இல் 1071 சிசிதான்). இதை வைத்துக்கொண்டு மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என்று மூன்று முறை வென்றார்கள். 1966-இலும் முதலில் வந்தது மினிதான். ஹெட்லைட் விதிக்கு ஒத்துவரவில்லை என்று தகுதி நீக்கம் செய்து, வெற்றியை சிட்ரோயன் டிஎஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்த டிஎஸ்ஸும் டர்ட் ராலி 2.0-இல் இதே வகுப்பில் நிற்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல், வளைவில் கட்டில் திரும்புவது போலத் திரும்பும். அதை விட்டுவிடுங்கள்.

முன்சக்கர வண்டியில் இழுப்பதும் திரும்புவதும் ஒரே ஜோடிச் சக்கரத்தின் வேலை. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினால் இழுப்பதற்கே பிடிமானம் தீர்ந்துபோகும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகப் போகும். காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி வெளியே வரும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி விளையாடுவதுதான் முழு வித்தை. வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே இடது காலால் பிரேக்கைத் தட்டிப் பின்பக்கத்தைத் திருப்பினால், பின்னாளில் எந்தக் காரில் ஏறினாலும் அந்தப் பழக்கம் உதவும்.

மன்னிப்பதில் இவற்றை அடிக்க ஆளில்லை. கார் தடுமாறினால் ஆக்சிலரேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், முன்சக்கரம் இழுத்துக்கொண்டு வந்துவிடும். வேகம் குறைவு என்பதால் கோ-டிரைவர் சொல்வது காதில் விழும். கீபோர்டில்கூட ஓட்டலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது பிரேக். நவீன காரில் பழகிய கண்ணுக்கு எல்லாம் தாமதமாகத்தான் தோன்றும். வளைவு தெரிந்தபின் மிதித்தால் போதாது. இரண்டாவதுதான் உசிலம்பட்டிக்காரருக்கு வந்த தூக்கம். நீண்ட ஏற்றத்தில் மினி மூச்சிரைக்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி வைத்தே முக்கால் ஸ்டேஜையும் முடித்துவிடலாம் என்று தெரிந்தபின் கால் சோம்பேறியாகிவிடும். அந்தச் சோம்பலோடு அடுத்த வகுப்புக்குப் போனால் அடி பலமாக விழும். ஆகவே இதில் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

இரண்டில் எது என்றால் நான் ஃபுல்வியா கட்சி. 1.6 லிட்டர் வி4 இன்ஜின், 1972-இல் மான்டி கார்லோ வென்ற கார். மினி துள்ளுகிற இடத்தில் இது நிதானமாகப் போகும். மினி நெருக்கமான பாதைக்கு நல்லது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் டிவிஎஸ் எக்ஸெல்லை நுழைப்பது மாதிரி எங்கே வேண்டுமானாலும் நுழையும்.

## 1970-களின் பின்சக்கர வண்டிகள்: ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2

என் மாமா பெரியார் பேருந்து நிலையம் பக்கம் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். மழை நாளில் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரைச் செம்மண்ணில் வண்டியின் பின்பக்கம் நழுவியபோது நான் முன் சீட்டில் இருந்தேன், வயது பத்தோ பதினொன்றோ. அவர் பதறவில்லை. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, அலுங்காமல் நேராக்கினார். "பிரேக்குல மட்டும் காலை வைக்கவே கூடாதுடா" என்றார். எஸ்கார்ட்டை ஓட்டத் தெரிய வேண்டியதில் பாதி அந்த ஒரு வாக்கியம்.

அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கர வண்டிகள், மாருதி 800 முன்சக்கர வண்டி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்ப மட்டும் செய்யும். அதனால் மண் சாலையில் ஆக்சிலரேட்டரே இரண்டாவது ஸ்டியரிங் ஆகிவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் வால் வெளியே வரும், குறைத்தால் உள்ளே போகும்.

இந்த வகுப்பில் எஸ்கார்ட்டை நான் ஆசிரியர் என்பேன். டர்போ கிடையாது, காலில் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பவர், அப்போதே. வால் நழுவுவதும் திடீரென்று நடக்காது, சொல்லிவிட்டுத்தான் போகும். பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை எஸ்கார்ட்டுகள் 1972 முதல் 1979 வரை எட்டு வருஷம் தொடர்ந்து வென்றன. 1981-இல் ஆரி வாட்டனன் உலகப் பட்டம் வாங்கியதும் எஸ்கார்ட்டில்தான். நாலு சக்கரமும் இழுக்கும் ஆடி களத்துக்கு வந்துவிட்ட வருஷம் அது.

இனி செலவு. கீபோர்டில் பின்சக்கர வண்டி ஓட்டுவது வீண். அந்தப் பட்டனுக்குப் பூஜ்யம் தெரியும், நூறு தெரியும், நடுவில் எதுவும் தெரியாது. இந்தக் கார் முழுக்க ஓடுவதோ அந்த நடுவில். விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு கொடுக்கும் டிரிகர் உள்ள கன்ட்ரோலராவது வேண்டும். இன்னொரு செலவு மானம்: முதல் ஒரு வாரம் நீங்கள் ஃபுல்வியாவில் போட்ட நேரத்தைவிட மெதுவாகத்தான் எஸ்கார்ட்டில் போவீர்கள். பக்கவாட்டில் போவது பார்க்க அழகு, ஆனால் கடிகாரம் அழகுக்கு விநாடி கழிக்காது.

இதே காலத்து ஃபியட் 131 அபார்த் கொஞ்சம் கனமாக, நிதானமாக இருக்கும். ஆல்பைன் ஏ110-இல் இன்ஜின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, வால் ஊஞ்சல் மாதிரி, தொடக்கத்துக்கு வேண்டாம்.

ஸ்ட்ராடோஸ் கதைக்கு வருகிறேன். 1974, 75, 76 மூன்று வருஷமும் தயாரிப்பாளர் பட்டத்தை லான்சியாவுக்கு வாங்கிக் கொடுத்த கார். ஃபெராரி டினோவின் 2.4 லிட்டர் வி6 இன்ஜின், டிரைவர் முதுகுக்குப் பின்னால். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2180 மில்லிமீட்டர்தான். நம் மாருதி 800-க்கு 2175. அதாவது மாருதி 800 நீளச் சட்டத்தில் ஃபெராரி இன்ஜின். நழுவ ஆரம்பித்தால் யோசிக்கிற நேரத்தில் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நான் அதை வாங்கக் கேம் காசு முழுவதையும் கொட்டினேன். ஒரு மாதம் ரிப்பேருக்கே சம்பாதித்தேன்.

## குரூப் பி: குவாட்ரோ எஸ்1, பெஜோ 205 டி16, டெல்டா எஸ்4

எல்லோரும் கேட்பது இதைத்தான், எனவே ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். குரூப் பி என்பது ஒரு ராலி கார் வகுப்பு; 1982-இல் வந்த அதன் விதிகள் தயாரிப்பாளர்களுக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டன. 1986-இல் போர்ச்சுகலில் பார்வையாளர்கள் இறந்தார்கள். அதே வருஷம் மே 2 அன்று கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4-இல் இறந்தார்கள். அந்த சீசனோடு குரூப் பி முடிந்தது.

நாலு சக்கரமும் இழுப்பதால் இது பிடிமானத்தில் எஸ்கார்ட்டைவிட எளிது என்று தோன்றும். நேர்ச் சாலையில் உண்மைதான். சிக்கல் டர்போவில். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமும் ஒன்றாக வரும். பந்திக்கு இலை போட்டு வெகுநேரம் கழித்துச் சாம்பாரை வாளியோடு கவிழ்த்தது போல. ஆகவே வளைவின் நடுவிலேயே காலைக் கொடுத்துவிட வேண்டும், பவர் நீங்கள் வெளியே வரும்போது வந்து சேரும். வளைவின் வெளிமுனை எங்கே என்று முன்கூட்டியே தெரியாதவர் எப்படிக் கொடுப்பார்? குறிப்பு காதில் பழகியிருந்தால்தான் முடியும்.

திருமங்கலத்துத் தம்பியின் குவாட்ரோ எஸ்1-க்கு இன்னொரு குணமும் உண்டு. ஐந்து சிலிண்டர் இன்ஜின் முன்அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மூக்குக் கனம். ஏறத்தாழ 500 குதிரைத்திறனோடு அந்த மூக்கு நேராகத்தான் போக விரும்பும். பிரேக்கில் ஒரு தட்டுத் தட்டி வாலை முன்கூட்டியே திருப்பாவிட்டால் மரம்தான்.

குரூப் பி-தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் எம்ஜி மெட்ரோ 6ஆர்4 எடுங்கள். அதில் டர்போ இல்லை, 3 லிட்டர் வி6. அழுத்தினால் அப்போதே கிடைக்கும். சின்ன உடம்பு என்பதால் துறுதுறுவென்று இருக்கும், ஆனால் ஏமாற்றாது. பழகியபின் 205 டி16-க்கு மாறுங்கள். இன்ஜின் நடுவில் இருப்பதால் குவாட்ரோவைவிடத் திரும்ப மனசுள்ள கார்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரத்தில் வரும். 160-இல் தப்பு செய்தால் ரேடியேட்டர், சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து போகும். சர்வீஸில் மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கப்படும் நிமிடங்கள் குறைவு, மிச்ச உடைசலோடுதான் அடுத்த ஸ்டேஜ். கடைசியில் பாதி ஸ்டேஜில் ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு கிலோமீட்டரை நூறு முறை ஓட்டி, மீதி எட்டு கிலோமீட்டரை ஒரு முறைகூடப் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

## குரூப் ஏ: டெல்டா இன்டெக்ராலே, 1995 இம்ப்ரெஸா

குறைத்துப் பேசப்படும் வகுப்பு. நாலு சக்கர இழுவை, 300 குதிரைத்திறன் அளவு, டர்போ உண்டு ஆனால் காத்திருப்பு குறைவு. 1987 முதல் 1992 வரை ஆறு தயாரிப்பாளர் பட்டங்களையும் லான்சியா டெல்டா குடும்பமே அள்ளியது. 1995-இல் காலின் மெக்ரே உலகப் பட்டம் வென்றது இம்ப்ரெஸாவில். வேலைக்குப் போய்வந்து இரவு அரை மணி நேரம் மட்டும் ஓட்டுபவர்களுக்கும், கீபோர்டைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களுக்கும் இது போதும். வரலாற்று வாசனை கொஞ்சம் குறைவு என்பதுதான் என் ஒரே புகார்.

| | ஃபுல்வியா, மினி | எஸ்கார்ட் | குரூப் பி | குரூப் ஏ |
|---|---|---|---|---|
| யோசிக்க நேரம் | நிறைய | போதுமான அளவு | இல்லை | கொஞ்சம் |
| தப்பை மன்னிப்பது | ரொம்ப | ஓரளவு, எச்சரித்துவிட்டு | இல்லவே இல்லை | நல்லாவே |
| கீபோர்டில் | முடியும் | வேண்டாம் | கஷ்டம் | முடியும் |
| கற்றுத் தருவது | குறிப்பு கேட்பது, இடது கால் பிரேக் | ஆக்சிலரேட்டரால் திருப்புவது | முன்கூட்டி முடிவெடுப்பது | சீராக ஓட்டுவது |
| மறைந்த செலவு | சலிப்பு, சோம்பல் கால் | கன்ட்ரோலர் செலவு, முதல் வார அவமானம் | ரிப்பேர், ரீஸ்டார்ட் பழக்கம் | பழைய வாசனை குறைவு |

## அப்படியானால் ஸ்லைடர் எதற்கு?

எதிராளிகளின் வேகம் 0 முதல் 100 வரை. இதை உங்கள் சுயமரியாதையோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒரு நாட்டில் 60-இல் ஜெயித்தவர் வேறொரு நாட்டில் 40-இல் கடைசியில் வருவார். எண் ஒன்றாக இருந்தாலும் கணக்கு ஒன்றாக இல்லை. நான் செய்வது: ஒரே ஸ்டேஜை மோதாமல் மூன்று முறை முடித்து, பட்டியலின் நடுவில் வருகிற மாதிரி எண்ணை வைப்பேன். அதற்குமேல் தொடமாட்டேன்.

உதவி செட்டிங்ஸ்தான் உண்மையில் காரை மாற்றுபவை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முதல் நாளே அணைத்துவிடுங்கள். எஸ்கார்ட்டில் வால் வெளியே வந்ததும் அது இடையில் புகுந்து பவரை வெட்டும். கார் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று கடைசிவரை புரியாது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது) நடுவில் இருக்கட்டும், பிறகு ஒவ்வொரு படியாக இறக்கலாம். ஏபிஎஸ் அந்தக் காலக் கார்களில் கிடையாது என்று தூய்மைவாதிகள் திட்டுவார்கள். கன்ட்ரோலர் வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆட்டோ கியர் முதல் வாரத்துக்கு மட்டும்.

பழக நியூசிலாந்து ஸ்டேஜ்கள் நல்லவை. அகலமான, அலைந்து அலைந்து போகும் மண் சாலை. அர்ஜென்டினா குறுகல், பக்கத்திலேயே பாறை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படபடப்பு புரியும். கேமில் பழகியதைச் சிறுமலையில் காட்டப் போகாதீர்கள், எதிரே அந்த பஸ் வரும்.

## வீல் வாங்கலாமா?

எஸ்கார்ட்டில் ஒரு மாதம் கன்ட்ரோலரில் ஓட்டியும் ஆசை தீரவில்லை என்றால் வாங்குங்கள். அதற்கு முன் வேண்டாம். லாஜிடெக் ஜி29 போன்றதில் ஸ்டியரிங் 900 டிகிரி சுற்றும், மூன்று பெடல் வரும். ஆனால் கையால் போடும் கியர் கம்பி தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் பழைய காரை விரல் நுனியில் கியர் மாற்றி ஓட்டுவதில் பாதி சுகம் போகும். ஆடாத மேஜை வேண்டும். யுபிஎஸ் வேண்டும், ஸ்டேஜின் ஒன்பதாவது கிலோமீட்டரில்தான் நம்மூரில் கரண்ட் போகும். டர்ட் ராலி 2.0-இன் கெரியர் பகுதிக்கு எப்போதும் இணையமும் வேண்டும் என்பதால் ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகச் சுற்றி, பிரேக் பெடலை மெதுவாக அழுத்தி, திரையில் கோடு துள்ளாமல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கம்ப்யூட்டரே பழையது என்றால் ஆர்ட் ஆஃப் ராலி இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கேம், கார்களின் பெயர்கள் கற்பனை, ஆனால் எது எஸ்கார்ட், எது குவாட்ரோ என்று பார்த்ததும் தெரியும். அதிலும் முன்சக்கரம், பின்சக்கரக் குணங்கள் பிசகாமல் இருக்கின்றன. எதிர்ப்பக்கம், 2004-இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலியை ரசிகர்கள் இன்றுவரை புதுக் கார், புது ஸ்டேஜ் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். அது வீல் இருப்பவர்களுக்கு மட்டும்.

உசிலம்பட்டிக்காரருக்கு: நீங்கள் மினியை விட்டு வெளியே வரவேண்டிய நாள் போன வாரமே வந்துவிட்டது. எஸ்கார்ட் எடுங்கள், தூக்கம் வராது. கே.கே.நகர்க்காரருக்கு: ஃபுல்வியா. ஒரே வரிதானே கேட்டீர்கள்.

திருமங்கலத்துத் தம்பிக்கு: குவாட்ரோவை விற்காதீர்கள், கராஜில் கிடக்கட்டும். அதே நாட்டில், அதே ஸ்டேஜை ஃபுல்வியாவில் ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த மூணாவது வளைவுக்கு முன்னால் கோ-டிரைவர் என்ன எண் சொல்கிறார் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். குவாட்ரோவில் அது உங்கள் காதில் விழுந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.